ராகு காலத்துக்கு முன் அழுத்திய ‘சரி’

போன வருடம் ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. திருச்சி தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ். நேரம்கூட எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, காலை பத்து இருபத்தாறு. அந்த நிமிடத்தில் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பட்டனை அழுத்தினேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம், அதற்காக எழுதவில்லை.

என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை. ஸ்ரீரங்கத்தில் வீடு. வயது நாற்பத்தேழு. பதினோரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது எங்கள் தெருவில் கேட்காத வாய் இல்லை. “இந்த வயசுல கம்ப்யூட்டர் வேலையா? இனிமே எல்லாத்தையும் ஏஐயே பாத்துக்குமாமே” என்றார்கள். “அந்த ஏஐயை மேய்க்கிறதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க” என்று பதில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டேன். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. கோபமும் மூக்கு நுனியில் இருக்கும்.

நாங்கள் ஒன்பது இடங்களுக்கு வெப்சைட் நடத்திக் கொடுக்கிறோம். ஒரு ஜவுளிக்கடை, ரெண்டு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம், புத்தூரில் ஒரு டயாலிசிஸ் சென்டர் என்று வகைவகையாக. எழுத்து, நிறம், பக்கத்தின் தலையில் வரும் மஞ்சள் அறிவிப்புப் பட்டை என்று ஒன்பதின் தோற்றமும் ஒரே பொது ஃபைலில் இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரே அண்டா சாம்பார் எல்லாப் பந்திக்கும் போகிற மாதிரிதான். உப்பு கூடினால் எல்லா இலையிலும் கூடும்.

அந்த ஃபைலில் கை வைக்கத் தெரிந்தவர் பெங்களூருக்குப் போய்விட்டதால், எங்கள் முதலாளி ஒரு ஏஐ ஏஜென்ட் ஏற்பாடு செய்தார். தமிழிலேயே தட்டலாம். என்ன வேண்டும் என்று சொன்னால் அதுவே ஃபைலைத் தேடி, மாற்றி வைத்துவிட்டு, இன்னது செய்யப்போகிறேன், தொடரலாமா என்று கேட்கும். நான் ‘சரி’ என்று அழுத்தினால் முதலாளியின் போனுக்கு ஒரு நம்பர் வரும். அவர் அதைச் சொல்ல, நான் போட, மாற்றம் வெளியே போய்விடும்.

முதலாளி நல்ல மனிதர், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ராகு காலத்தில் எதையும் வெளியே விட மாட்டார். முன்னே ஒரு தடவை ராகு காலத்தில் ஒரு வெப்சைட்டைத் தொடங்கி, அது மூன்று நாள் படுத்தே கிடந்ததாம். அதிலிருந்து அவர் மேஜைக்கு எதிரே டெய்லி காலண்டர் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதனால் வெள்ளிக்கிழமையானால் பத்தே காலிலிருந்து எங்கள் ஆபீஸ் அல்லோலகல்லோலப்படும். எது போக வேண்டுமோ அது பத்தரைக்குள் போயாக வேண்டும். ராகு காலத்துக்குப் பயந்து நாங்கள் செய்கிற அவசரம் ராகுவைவிட மோசம் என்று அன்றைக்கு வரை யாருக்கும் தோன்றவில்லை.

அன்று ஜவுளிக்கடைக்காரர் காலையிலிருந்து மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். ஆடித் தள்ளுபடி முடிந்துவிட்டது, ஆனால் அவர் வெப்சைட்டின் தலையில் தள்ளுபடி என்று மஞ்சள் பட்டை இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது, போனை நீட்டிக்கொண்டு ஜனங்கள் கடையில் சண்டை போடுகிறார்கள். செய்ய வேண்டியது சுலபம். அந்தக் கடையின் பக்கத்தில் அந்த வாசகத்தை அழித்தால் போதும். ஆனால் மணி பத்து இருபத்தைந்து. நான் ஏஜென்டிடம் ‘மேலே இருக்கிற மஞ்சள் பட்டையை எடுத்துவிடு’ என்று தட்டினேன். எந்தக் கடை என்று சொல்லவில்லை. அது ஏதோ நாலு வரி எழுதிவிட்டு, தொடரலாமா என்று கேட்டது. அது எப்போதும்தான் நாலு வரி எழுதும். ‘சரி’ என்று அழுத்தினேன். முதலாளி நம்பரைச் சொன்னார். பட்டை போயே போச்சு. ஜவுளிக்கடைக்காரர் சந்தோஷப்பட்டார். நான் டப்பாவைத் திறந்து ரெண்டு இட்லி சாப்பிட்டேன்.

பத்து ஐம்பதுக்கு டயாலிசிஸ் சென்டரின் நர்ஸம்மா போன் பண்ணினார்.

“மேடம், நம்ம சைட்ல அந்த மஞ்சள் நோட்டீஸ் காணோமே. நாங்க காலையில போட்டது ஆன்லதான் இருக்கு. ஆனா போன்ல பாத்தா வர மாட்டேங்குது.”

சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம் அது. வாரத்துக்கு மூன்று நாள் போய் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். அதற்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற பிளாண்ட் அன்று காலையில் ரிப்பேர். அதனால், பன்னிரண்டு மணி ஷிஃப்டுக்காரர்கள் யாரும் புத்தூருக்கு வர வேண்டாம், திருவெறும்பூர் கிளைக்குப் போய்விடுங்கள் என்று ஒன்பது மணிக்கே நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். போனும் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. துவாக்குடிக்காரர். அவர் வீட்டில் எப்போதும் கிளம்பும் முன் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம்.

“அவரு புதன்கிழமையும் வரல மேடம், காய்ச்சல்னு விட்டுட்டாங்க. திங்கக்கிழமை பண்ணினதுதான். உடம்புல தண்ணி ஏறியிருக்கும், மூச்சு வாங்கும். இன்னிக்கும் விட்டாங்கன்னா எனக்குப் பயமா இருக்கு. திருவெறும்பூர்ல பன்னெண்டரை வரைக்கும்தான் மெஷினை வெச்சிருப்பாங்க. அப்புறம் அடுத்த ஆளு ஏறிடுவாரு.”

ஸ்கிரீனை மேலே தள்ளி, காலையில் அந்த ஏஜென்ட் எழுதிய நாலு வரியை அப்போதுதான் படித்தேன். நல்ல தமிழில், குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லியிருந்தது. இந்தப் பட்டை ஒன்பது தளங்களுக்கும் பொதுவானது. இந்த மாற்றத்தால் எல்லாவற்றிலும் மறையும். இப்போது மூன்று தளங்களில் இதில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. தொடரலாமா? அதற்குக் கீழே என்னுடைய ‘சரி’.

ரங்கா! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மெஷின் மேல் கோபப்பட்டிருந்தால் அதையாவது ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். என் மேலேயே கோபம் வந்தால் என்ன செய்வது?

முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், உடனே பழையபடி மாற்ற வேண்டும் என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

“பன்னெண்டு ஆகட்டும்மா. இன்னும் ஒரு மணி நேரம்தானே? ராகு காலத்துல கை வெச்சு, இருக்கிறதும் போயிடுச்சுன்னா?”

“பன்னெண்டு மணிக்கு அவரு மெஷின்ல படுத்திருக்கணும் சார்.”

“போன்ல சொல்லச் சொல்லும்மா.”

“லைன் கிடைக்கலையாம். அவரு மூச்சுக்கு ராகு காலம், எமகண்டம் எல்லாம் தெரியாதுங்க சார். நான் மாத்தப் போறேன். நம்பர் வரும், சொல்லுங்க.”

என் மேஜைக்குத் திரும்பி வந்தேன். கடையின் வாசகத்தை மட்டும் அழி, பொது ஃபைலைக் காலை பத்து மணிக்கு இருந்தபடி திருப்பிவிடு என்று தட்டினேன். அது மறுபடி நாலு வரி எழுதியது. இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் படித்தேன். ஒன்பது தளங்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றையும் பார்த்தேன். பிறகு ‘சரி’. முதலாளியின் சட்டைப்பையில் போன் ‘டிங்’ என்றது. அவர் எடுக்கவில்லை. கையால் பையை அமுக்கிக்கொண்டு நின்றார்.

நான் எழுந்து நின்றேன். அந்த ஆபீஸில் அதுவரை நான் அவருக்கு எதிராகக் குரல் உயர்த்தியதில்லை.

“நம்பர் சொல்லலைன்னா நான் நேரா அந்த சென்டர் வாசலுக்குப் போறேன் சார். வர்றவங்க எல்லார்கிட்டயும், எங்க ஆபீஸ்ல ராகு காலம் இன்னும் முடியலை, அதான் உங்களுக்கு நோட்டீஸ் வரலைன்னு சொல்றேன். சொல்லட்டுமா?”

முதலாளி காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த பெருமாள் படத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பதினொன்று ரெண்டுக்கு மஞ்சள் பட்டை திரும்ப வந்தது. எதுவும் படுத்துக்கொள்ளவில்லை. ராகு சும்மா போய்விட்டார்.

பட்டை வந்துவிட்டது, சரி. ஆனால் துவாக்குடியிலிருந்து முன்னாலேயே கிளம்பியிருந்தால்? நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன், இன்னும் லைன் கிடைக்கவில்லை என்றார். “எங்க போறே?” என்று முதலாளி கேட்டார். “வாசலுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

புத்தூரில் அந்த சென்டர் வாசலில், வெயிலில், கிட்டத்தட்ட அரை மணி நேரம் நின்றேன். வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் குனிந்து குனிந்து பார்த்தேன். செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதினொன்று முப்பத்தெட்டுக்கு துவாக்குடிக்காரரும் மனைவியும் வந்தார்கள். டவுன் பஸ்ஸில் இறங்கி நடந்தே வந்தார்கள். அவருக்கு என் வயதுதான் இருக்கும். முகம் உப்பி, கால் ரெண்டும் வீங்கி, பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சை இழுத்துக்கொண்டு வந்தார். மனைவி அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார்.

நான் ஓடிப்போய், இங்கே இல்லைங்க, திருவெறும்பூர் போகணும் என்றேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

“திருவெறும்பூர் வழியாத்தானங்க வந்தோம்! பஸ்ஸு அங்க நின்னுச்சு. ரெண்டு பேரு இறங்குனாங்க, நாங்க பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்.” போனைத் திறந்து என் கண்ணுக்கு நேரே நீட்டினார். “பத்தே முக்காலுக்குக் கிளம்பறப்ப பாத்தனே. ஒண்ணுமே போடலையே!”

அதற்குள் பக்கம் புதிதாகத் திறந்துகொண்டது. மஞ்சள் பட்டை, தெளிவாக, திருவெறும்பூர் கிளைக்குச் செல்லவும் என்று. அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “இப்ப வருது பாருங்க” என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

என் ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். மூன்று பேரும் ஏறினோம். அவர் நடுவில், ரெண்டு பக்கமும் நாங்கள். தென்னூரைத் தாண்டி பால்பண்ணை ரவுண்டானாவில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, ஆட்டோ அசையவே இல்லை. அவருடைய மூச்சு சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்டது. மணி பதினொன்று ஐம்பத்தாறு.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். பட்டை நன்றாக வருகிறது என்று முதலில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவங்ககிட்ட ஏஐ பண்ணின தப்புன்னு சொல்லிடும்மா. இப்ப எல்லாரும் அதைத்தான் திட்டறாங்க. நம்பிடுவாங்க. உனக்கும் பிரச்சினை இல்லை, ஆபீசுக்கும் பிரச்சினை இல்லை.”

சொல்லிவிட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பக்கத்தில் ஒரு மனுஷன் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்க, காதில் இந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது கேட்டுச்சு சார். எல்லாத்துலயும் மறையும், தொடரலாமான்னு தமிழ்லயே கேட்டுச்சு. படிக்காம அழுத்தினது நான். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

ஆட்டோ நகர்ந்தது. அந்த அம்மா கணவரின் முதுகைத் தடவிக்கொண்டே, “நீங்க ஆஸ்பத்திரி ஆளு இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. அந்த வெப்சைட்டைப் பாத்துக்கற ஆபீஸ்ல வேலை செய்யறேன். நோட்டீஸ் மறைஞ்சது என்னாலதான். என்ன மாறப்போகுதுன்னு எழுதியிருந்ததைப் படிக்காம சரின்னு அழுத்திட்டேன்.”

பரவாயில்லை என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“படிக்காம எப்படிங்க அழுத்துவீங்க? படிச்சவங்கதானே? இவருக்கு ஒவ்வொரு தடவையும் ஃபாரத்தை நீட்டுவாங்க, கையெழுத்துப் போடுன்னு. எல்லாம் இங்கிலீசு. எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. பக்கத்துல யாரையாச்சும் புடிச்சு, சத்தமாப் படிச்சுக் காட்டுங்க, அப்புறந்தான் போடுவேன்னு நிப்பேன். நர்சு திட்டும், பின்னால நிக்கிறவங்க திட்டுவாங்க. திட்டட்டுமே! என் வீட்டுக்காரரு உசுரு, நான் கேக்காம போட மாட்டேன்.”

எனக்குத்தான் வாய் ஜாஸ்தி என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? அந்த அம்மா வாய்க்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

அரியமங்கலம் தாண்டியதும் டிரைவர், என்ன நினைத்தாரோ, ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு திருவெறும்பூர் கிளை வாசலில் நின்றோம். புத்தூர் நர்ஸம்மா முன்பே சொல்லி வைத்திருந்ததால் வீல்சேரோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு டாக்டர் ஓடி வந்து ஆக்சிஜன் வைத்தார். வாசலிலேயே ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். அந்த அம்மா அதை வாங்கி, நேரே என் கையில் கொடுத்தார்.

“படிங்க, சத்தமா.”

படித்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். ரெண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

நான் போகவில்லை. மாலை வரை வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்தபோது முகத்து வீக்கம் குறைந்திருந்தது, மூச்சு சத்தம் இல்லை. டீ வேண்டும் என்று கேட்டு, கால் டம்ளருக்கு மேல் கூடாது என்று மனைவியிடம் திட்டு வாங்கினார். என்னைப் பார்த்து, “அந்தப் பட்டையில எழுத்து ரொம்பப் பொடிசுங்க. கொஞ்சம் பெருசாப் போடுங்க” என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் பேசியது. அந்த அம்மா நன்றி எதுவும் சொல்லவில்லை. நான் எதற்கு நன்றி வாங்க வேண்டும்? பஸ் ஏறும்போது தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினார்.

கதை அதோடு முடியவில்லை. திங்கட்கிழமை காலை முதலாளி டயாலிசிஸ் சென்டருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் தயாராக வைத்திருந்தார். ஏஐ கருவியின் எதிர்பாராத பிழையால் என்று ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தை எழுதியதும் அதே ஏஐதான். தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு அழகாக எழுதிக் கொடுத்திருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், அந்த வேலை என் பொறுப்பு என்பதால்.

போட மாட்டேன் என்றேன். “இப்படி எழுதினா அவங்க என்ன செய்வாங்க? அந்த மெஷினைத் திட்டிட்டுச் சும்மா இருந்துடுவாங்க. நாம அடுத்த வெள்ளிக்கிழமையும் பத்தே காலுக்கு இதே மாதிரி பறப்போம். அப்புறம் இன்னொருத்தரு பஸ்ஸுல திருவெறும்பூரைத் தாண்டிப் போவாரு.” முதலாளி கோபத்தில் பேனாவை மேஜை மேல் வைத்தார். உன் வேலை போனாலும் போகும் என்றார். “போகட்டும் சார், பதினோரு வருஷம் இல்லாம இருந்தவதானே?” என்று சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன். கருவி தெளிவாகக் கேட்டது. நான் படிக்கவில்லை. இனிமேல் உங்கள் பக்கத்தைத் தொடும் எந்த மாற்றமும் உங்கள் நர்ஸிடம் கேட்காமல் போகாது. கீழே என் பெயரைப் போட்டு, நானே கொண்டுபோய் சென்டரில் கொடுத்தேன்.

வேலை போகவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு சென்டர்காரர்கள், சரி, இதே அம்மாவே பார்க்கட்டும் என்றார்களாம். முதலாளி ரெண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ராகு காலக் காலண்டர் இன்னும் தொங்குகிறது. ஜவுளிக்கடைக்கும் மண்டபத்துக்கும் அது செல்லுபடியாகும், டயாலிசிஸ் சென்டருக்கு ஆகாது. ஆபீஸில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ராகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். பட்டையில் எழுத்தைப் பெரிதாக்கியும் விட்டேன், ஒன்பதிலும்தான், இந்தத் தடவை தெரிந்தே.

தெருவில் இப்போதும் கேட்கிறார்கள், “ஏஐ ஏதோ தப்புப் பண்ணி ஒரு ஆளு உசுருக்கே ஆபத்தாயிடுச்சாமே?” என்று. இல்லை, நான் பண்ணினேன் என்று வாசலில் நின்றே சொல்கிறேன். என் தப்பை யாருக்கும் தானம் கொடுப்பதாக இல்லை.

இன்றைக்கும் ஏஜென்ட் அந்த நாலு வரியை எழுதித் தொடரலாமா என்று கேட்கும்போது, பத்தே காலானாலும், யார் முணுமுணுத்தாலும், ஒன்பது தளங்களின் பெயர்களையும் சத்தமாகப் படிக்கிறேன். துவாக்குடியில் யாரோ ஒரு அம்மா போனைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், அவர் காதில் விழட்டும்.